வீட்டில் கட்டும் விமானத்தில் தண்ணீர்: ஃபில்டரை நம்பிச் செய்யும் தவறுகள்

டிராக்டர், பம்ப்செட், புல்லட் என்று எதையாவது கழற்றி மாட்டிப் பழகிய கைதான் பெரும்பாலும் கிட் விமானத்துக்கும், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் விமானத்துக்கும், வருகிறது. மதுரைப் பக்கம் அந்தக் கைக்குப் பஞ்சமே இல்லை. கப்பலூரிலோ கே.புதூர் தொழிற்பேட்டையிலோ ஒரு லேத்துக்காரரிடம் படத்தைக் காட்டினால் போதும், கேட்டதைக் கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது: டேங்கில் என்ன கிடந்தாலும் சரி, நல்ல ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் இன்ஜினுக்குச் சுத்தமான பெட்ரோல்தான் போகும் என்று. தூசிக்கு அது ஓரளவு சரி. தண்ணீருக்குச் சரியே இல்லை. சாதாரண வலை ஃபில்டர் தண்ணீரை அப்படியே விட்டுவிடும். காகித ஃபில்டர் ஊறி உப்பி, கடைசியில் பெட்ரோலையும் சேர்த்து அடைக்கும். ரோட்டில் பைக் இருமி நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம், வாடிப்பட்டி தென்னந்தோப்புக்கு மேல் 300 அடியில் இன்ஜின் இருமினால் அந்த வசதி கிடையாது.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் எங்கே பள்ளமோ அங்கே போய் உட்காரும். அந்தப் பள்ளம் எங்கே இருக்க வேண்டும் என்று டேங்க் கட்டும்போதே நீங்கள் முடிவு செய்யாவிட்டால் தண்ணீரே முடிவு செய்துகொள்ளும். பலர் செய்யும் முதல் தவறு இதுதான். டேங்கின் அடியைத் தட்டையாக வைத்து, ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வீணாகக் கூடாது என்று இன்ஜினுக்குப் போகும் குழாயை ஆக அடியிலேயே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே கிடக்கும் தண்ணீர் அத்தனையும் முதல் ஆளாக இன்ஜினுக்குப் போகும். குழாய் வாய் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே தண்ணீர் தங்க ஒரு குழி, அந்தக் குழியில் அதை வடித்துவிட ஒரு டிரெயின் வால்வு. சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பழைய பார்ட் 23 விதியில் இந்தக் குழிக்கு அளவே உண்டு: டேங்க் கொள்ளளவில் 0.25 சதவீதம், அல்லது ஒரு கேலனில் பதினாறில் ஒரு பங்கு, எது பெரியதோ அது. 60 லிட்டர் டேங்குக்குச் சதவீதக் கணக்கில் 150 மி.லி.தான் வரும், ஆனால் பதினாறில் ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 240 மி.லி., ஆகவே அதுதான் கணக்கு. வீட்டில் கட்டும் விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது, நம் ஊரில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏவின் காகிதங்கள் வேறு கதை, ஆனாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள இதைவிட நல்லது என் கண்ணில் படவில்லை.

வால் சக்கர விமானம் என்றால் இன்னொரு சிக்கல். தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது டேங்கின் பள்ளம் பின் மூலையில் இருக்கும், வால் எழும்பியதும் பள்ளம் முன்னால் நகரும். வரைபடத்தில் விமானம் மட்டமாக இருப்பதை வைத்து டிரெயின் வால்வைப் பொருத்தியிருந்தால், காலையில் நீங்கள் எவ்வளவு வடித்தாலும் பின் மூலையில் கிடக்கும் தண்ணீர் வெளியே வராது. ஓடுபாதையில் வால் தூக்கும் அந்த நொடியில்தான் அது கிளம்பி முன்னால் ஓடி வரும். இதை ஊகத்துக்கு விடாதீர்கள். இன்ஜின் இணைப்பைக் கொடுப்பதற்கு முன்பே டேங்கில் சில லிட்டர் பெட்ரோலை ஊற்றி, அளந்து 250 மி.லி. தண்ணீரையும் சேர்த்து, விமானம் நிற்கும் நிலையிலேயே டிரெயினைத் திறந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து பாருங்கள். வராத மிச்சம்தான் ஒவ்வொரு முறையும் உங்களோடு பறக்கப் போவது. பிறகு வாலை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி வைத்து மறுபடியும் வடியுங்கள். முழுக்கக் காலி செய்து உலர்த்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

குழாயிலும் இதே கதை. டேங்கிலிருந்து கேஸ்கோலேட்டர் (தண்ணீரும் குப்பையும் தங்கும் கிண்ணம்) வரைக்கும் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது ஹோஸ் தொங்கி வயிறு போட்டால் அங்கே தண்ணீர் தேங்கும், மேடு கட்டினால் ஆவி தேங்கும்.

கேஸ்கோலேட்டரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பழைய டீசல் டிராக்டர்களில் ஃபில்டருக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் ஒன்று தொங்குமே, கிட்டத்தட்ட அதே சாமான்தான். மொத்த அமைப்பிலும் ஆகத் தாழ்வான இடத்தில், வெளியிலிருந்து கை எட்டும்படி இருக்க வேண்டும். பானெட்டைக் கழற்றினால்தான் எட்டும் என்று வைத்தால் நீங்கள் அதை வடிக்கப் போவதே இல்லை, மனிதர் குணம் அப்படி. அப்புறம் சூடு. சித்திரை வெயிலில் நம் ஊரே 40 டிகிரியைத் தொடும்போது இன்ஜின் அறைக்குள், எக்ஸாஸ்ட் பக்கத்தில், ஒரு உலோகக் கிண்ணத்தில் பெட்ரோலை வைத்தால் அது கொதித்து ஆவிக்கட்டு விழத்தான் செய்யும், அதாவது ஆவி குழாயை அடைத்துக்கொள்ளும், பங்க் பெட்ரோலுக்கு விமானத்துக்கென்றே வரும் பெட்ரோலான அவ்கேஸைவிட இந்தக் குணம் அதிகம். தகடு போட்டு மறைத்து, குளிர்ந்த காற்று அடிக்கும்படி ஒரு குழாய் விடுங்கள், அல்லது இடத்தையே மாற்றுங்கள். தாழ்ந்த இறக்கை விமானமாக இருந்து, பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும் பக்கத்தில் கேஸ்கோலேட்டர் இருந்தால் அதன் டிரெயின் வால்வின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) இன்னும் கவனம் வேண்டும். அங்கே வால்வு சரியாக மூடாமல் போனால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இல்லையே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஃபில்டர் வரிசை. பம்புக்கு முன்னால் 10 மைக்ரான் காகித ஃபில்டரைப் போடுவது அளவுக்கு மீறிய அக்கறை. அது அடைந்தால் பம்ப் இழுக்க முடியாமல் திணறும், அந்த உறிஞ்சலே ஆவியைக் கிளப்பும். கார்புரேட்டர் வைத்த ரோட்டக்ஸ் 912 என்ற சிறு விமான இன்ஜினுக்கு, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் அந்த நிறுவனமே கேட்பது 0.1 மி.மீ. கண் உள்ள ஃபில்டர்தான், அதாவது 100 மைக்ரான். இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு மெல்லிய ஃபில்டர் தேவை, ஆனால் அதன் இடம் பம்புக்குப் பின்னால். டேங்கிலிருந்து குழாய் கிளம்பும் வாயில் இருக்கும் வலை இன்னும் பெரிய கண் கொண்டது, பார்ட் 23 கணக்கில் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண், வலையின் பரப்பு குழாய் வாயைப்போல் ஐந்து மடங்காவது. எல்லாம் மாட்டிய பிறகு மூக்கை ஏறுமுக நிலைக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். தானாக இறங்கும் அமைப்பென்றால் டேக்-ஆஃப் தேவையைப்போல் ஒன்றரை மடங்கு, பம்ப் என்றால் ஒன்றேகால் மடங்கு. 912 யூஎல்எஸ் முழு விசையில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும், ஆக ஒன்றரை மடங்குக்கு நிமிடத்துக்கு 675 மி.லி. வந்தாக வேண்டும்.

குப்பை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, நாமே உள்ளே வைக்கிறோம். பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை பெட்ரோல் இணைப்பில் சுற்றாதீர்கள், இழை இழையாகப் பிய்ந்து நேராகக் கார்புரேட்டர் ஊசிக்குப் போகும். டேங்குக்குள் ஊற்றிச் சுழற்றிப் பூசும் சீலன்ட்டும் அப்படித்தான், சில வருடத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும், எத்தனால் பட்டால் இன்னும் சீக்கிரம்.

எத்தனால் என்று சொன்னதும் நம் நாட்டில் பேச்சு நீளத்தான் செய்யும், ஏனென்றால் இன்று பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ரோட்டக்ஸ் 912 வரிசைக்கு அனுமதி 10 சதவீத எத்தனால் வரைக்கும்தான், இன்னொரு இன்ஜின் நிறுவனமான லைகாமிங் எத்தனால் கலந்த பெட்ரோலையே ஏற்பதில்லை. முறையான வழி அவ்கேஸ். முன்பு அதை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம், 2022ல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. விலையைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் பங்குக்கே கேனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் தனியாக நிற்காது, கரைந்துவிடும். காலையில் ஜாடியில் வடித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் முத்து இருக்காது, சுத்தம் என்று கிளம்பிவிடுவோம். கரையும் அளவைத் தாண்டினாலோ, எல்லையில் இருக்கும்போது குளிர்ந்தாலோ எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒட்டுமொத்தமாகப் பிரிந்து கீழே இறங்கும். 40 லிட்டர் இ20ல் 8 லிட்டர் எத்தனால் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அடியில் வந்து உட்கார்ந்தால் கைப்பிடி அளவு கேஸ்கோலேட்டர் என்ன செய்யும்? மேலே மிஞ்சிய பெட்ரோலுக்கு ஆக்டேனும் குறைந்திருக்கும். அப்படிப் பிரிந்ததை வடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், டேங்கையே காலி செய்யுங்கள். தண்ணீர் விட்டுக் குலுக்கி எத்தனாலைக் கழுவி எடுக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. கிடைப்பது தண்ணீரில் ஊறிய, ஆக்டேன் குறைந்த பெட்ரோல், அதைப் புல்வெட்டும் மெஷினுக்கு ஊற்றவே நான் யோசிப்பேன். ஆனால் சோதனைக்கு அந்த வித்தை உதவும்: அளவுக்குழாயில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல், குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடிக்கோடு 10லேயே நின்றால் எத்தனால் இல்லை, ஏறினால் ஏறிய அளவுக்கு உண்டு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லோரும் ராத்திரி ஈரக்காற்று டேங்கில் வேர்க்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லிட்டர் காலி இடத்தில், 30 டிகிரியில், முழு ஈரத்தோடு இருக்கும் காற்றில் மொத்தமே 1.2 கிராம் தண்ணீர்தான். அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அரை கிராம் போல விழும், பத்துச் சொட்டு. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சேரும், உண்மைதான், ஆனால் ஐப்பசி மழையில் வெளியே நின்ற விமானத்தின் டேங்கில் கால் லிட்டர் தண்ணீர் இருந்தால் குற்றவாளி மூடிதான். இறக்கைக்கு மேலே பள்ளத்தில் பதியும் மூடியின் ஓ-ரிங் வெயிலில் காய்ந்து இறுகும், மேலே நின்ற மழைநீர் மெதுவாக இறங்கும். மூடி மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் தேங்க வைத்து, அரை மணி கழித்து வடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அடுத்த சந்தேகம் கேன். பங்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடிக்காதீர்கள், அடி கலங்கியிருக்கும். கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், டாடா ஏஸ் தொட்டியில் வைத்தபடி நிரப்பினால் நிலை மின்சாரம் பொறி தட்டலாம்.

வடிக்கும்போது செய்யும் தவறு அவசரம். பெட்ரோல் ஊற்றிய கையோடு வடித்தால் கலங்கிய தண்ணீர் இன்னும் இறங்கியிருக்காது. ஓர் அடி ஆழத்துக்குக் கால் மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. முதலில் டேங்குகள், கடைசியில் கேஸ்கோலேட்டர். ஜாடி முழுக்கத் தெளிவாக இருந்தால் அதற்கும் சந்தோஷப்பட வேண்டாம், முழுவதுமே தண்ணீராக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். முகர்ந்து பாருங்கள், ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள், பெட்ரோல் என்றால் கொஞ்ச நேரத்தில் கறையில்லாமல் பறந்துவிடும். தண்ணீர் கிடைத்தால் இறக்கையை ஆட்டி, காத்திருந்து, மறுபடி வடித்து, கார்புரேட்டர் கிண்ணங்களையும் இறக்கிப் பார்த்து, தரையிலேயே முழு விசையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மற்றது.

டேங்கின் மூச்சுக்குழாயை யாரும் கவனிப்பதில்லை. மண் குளவிக்கு அந்த அளவு ஓட்டை என்றால் உயிர். ஒரு வாரம் விட்டால் உள்ளே கூடு கட்டி அடைத்துவிடும், டேங்கில் பெட்ரோல் இருந்தும் இறங்காது. வாயில் மெல்லிய கம்பி வலை வைத்துக் கட்டுங்கள். வலைக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு துளையும் போட்டு வையுங்கள், வலையை மூடியே கூடு கட்டிய குளவியும் நம் ஊரில் உண்டு.