ஏர் ரைபிள் பழகும் பிள்ளைக்கு முதலில் வெற்றுத் தாள்

10 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழகப் பிள்ளையைச் சுடும் பயிற்சி ரேஞ்சில் சேர்த்திருக்கிறீர்களா? முதல் நாளே இலக்குத் தாளின் கறுப்பு வட்டத்தைக் குறிவைக்கச் சொல்லாதீர்கள். அதன் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். புள்ளி தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் பிள்ளை விசையை (டிரிக்கரை) வெடுக்கென்று இழுக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

அதனால் முதலில் வெற்று வெள்ளைத் தாள். துப்பாக்கியை மேசைத் தாங்கியில் வைத்து, விசையை மெல்ல அழுத்த மட்டும் பழக்குங்கள். துப்பாக்கியின் எடையைத் தாங்க இந்த வயதில் அவசரமில்லை. குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழ ஆரம்பித்தால் சரி, வட்டத்தை மாட்டலாம்.

அதற்கும் முன்னால் எந்தக் கண் ஓங்கியது, அதாவது பார்க்கும்போது மூளை எந்தக் கண்ணை அதிகம் நம்புகிறது என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே இரு கண்களாலும் தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் தெரிகிறதோ, அதுதான் ஓங்கிய கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஓங்கியிருப்பதும் உண்டு. அப்போது பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டில்லாமல் சுட விடாதீர்கள், பிஸ்டன் கெடும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குறிபார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, குழல்முனை எப்போதும் இலக்குப் பக்கமே.