பஞ்சாங்கத்தை வைத்துக் கோள் பார்ப்பது எப்படி?

டெலஸ்கோப் வாங்க முதல், வீட்டில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரை எடுங்கள். கிரகநிலைக் கட்டம்தான் உங்கள் வான வரைபடம். அதிலுள்ள ஒன்பது கிரகங்களில் சூரியன், சந்திரனை விடுங்கள். இராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள், கண்ணுக்குத் தெரியாது. மிச்சம் ஐந்தும் கோள்கள். வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சூரியன் நிற்கும் கட்டத்தை ஒன்று என்று வைத்து, மேடம், இடபம் என்ற இராசி ஒழுங்கில் எண்ணுங்கள். செவ்வாய், வியாழன், சனி ஏழாம் கட்டத்தில் நின்றால், பொழுது படும்போது கிழக்கே எழுந்து இரவு முழுக்கத் தெரியும். நாலு என்றால் பொழுது படும்போது உச்சியில் நிற்கும். பத்து என்றால் விடியப்புறம் எழும்பத்தான் வேணும். சூரியனோடு ஒரே கட்டமென்றால் தேடாதீர்கள். புதன் 28 பாகைக்கும் வெள்ளி 47 பாகைக்கும் மேல் சூரியனை விட்டு விலகாது. நடுச்சாமத்தில் அவற்றுக்காகக் காத்திருப்பது வீண் மினக்கேடு.

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் கிழக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் கூடிப்போச்சு. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைதான் திறம். முன்மாரி வேளாண்மை விளையும் தை, மாசியில் யானைக் காவலுக்கு வாடியில் எப்படியும் விழித்துத்தானே இருக்கிறோம்!

பத்து மடங்கு பெருப்பிக்கும் பைனாகுலரை வாடிக் கம்பில் முட்டுக்கொடுத்து வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் கடுகுமணிபோல நாலு புள்ளி தெரியும். 1610இல் கலிலியோ கண்ட துணைக்கோள்கள் அவை. கொப்பியில் ஒரு வட்டம் போட்டுப் புள்ளிகளைக் குறியுங்கள். அடுத்த இரவு பார்த்தால் இடம் மாறியிருக்கும். உள்ளே இருக்கும் அயோ ஏறத்தாழ 42 மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். சில இரவு மூன்றுதான் தெரியும், மற்றது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கும். அந்த நாலில் ஒன்றான கனிமீட்டின் விட்டம் 5,268 கிலோமீற்றர், புதனே 4,879தான்.

சனியின் வளையத்துக்கு 30 மடங்காவது பெருப்பிக்கும் டெலஸ்கோப் வேணும். ஏழரைச் சனிக்குப் பயப்படுவோருக்கு ஒரு கணக்கு: சூரியனைச் சுற்றச் சனிக்கு 29½ ஆண்டு; ஓர் இராசிக்கு ஏறக்குறைய இரண்டரை, மூன்று இராசிக்கு ஏழரை. பலனில் எனக்கு நம்பிக்கையில்லை, கணக்குச் சரி.

பஞ்சாங்கத்தில் இல்லாத கோள்களுக்கும் அதே பஞ்சாங்கத்து நட்சத்திரம் வழிகாட்டும். மாசிக் கடைசியில் இரவு எட்டு மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே புனர்பூசத்தின் இரட்டையர் நிற்பார்கள். அதில் செம்மஞ்சளாகத் தெரிவது போலக்ஸ், 34 ஒளியாண்டு தூரம். வியாழனைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு கோள் ஏறத்தாழ 590 நாளில் அதைச் சுற்றுவதாக 2006இல் உறுதிசெய்தார்கள். கோளை யாரும் நேரே பார்க்கவில்லை. கோள் இழுக்கும்போது நட்சத்திரமும் கொஞ்சம் அசையும். நம் பக்கம் வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சற்று நகரும். 1995இல் வானியலாளர்கள் மயோரும் கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் கோளைப் பிடித்ததும் இப்படித்தான். அதற்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனி பிறந்ததும் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் அடிவானிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடப்பக்கம் இருப்பது அல்பா சென்டோரி. அதன் கூட்டாளி புரொக்சிமா, 4.24 ஒளியாண்டில், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகக் கிட்டிய நட்சத்திரம். 2016இல் அதற்கும் ஒரு கோள் கண்டார்கள், 11 நாளில் ஒரு சுற்று. புரொக்சிமா மங்கல், பைனாகுலருக்கும் அகப்படாது. இடத்தை மட்டும் பார்த்து வைக்கலாம். அதற்குக்கூடத் தெற்குப் பக்கத்தை மரம் மறைக்கக் கூடாது, ஆகவே குளக்கட்டில் ஏறி நில்லுங்கள்.