லினக்ஸில் வரைகலை நிரல்களைத் தானாகத் தொடங்கச் செய்வது எப்படி?

கணினி எழுந்தவுடன் உலாவியோ கண்காணிப்புத் திரையோ தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களில் பலர், முதலில், குறித்த வேளையில் கட்டளைகளை இயக்கும் கிரானின் 'ரீபூட்' வரியையோ, பூட் ஆகும்போது இயங்கும் பழைய 'ஆர்சி லோக்கல்' கோப்பையோ நாடுகிறார்கள். பின்னணியில் ஓடும் சர்வர் நிரல்களுக்கு அது உதவலாம். சாளரம் திறக்கும் நிரல்களுக்கு அது உதவாது. அந்த வரிகள் இயங்கும் வேளையில் திரையைக் கையாளும் எக்ஸோ வேலண்டோ பெரும்பாலும் தொடங்கியிருக்காது. தொடங்கியிருந்தாலும், எந்தத் திரையில் வரைவது என்று தெரிவிக்கும் 'டிஸ்ப்ளே' முதலிய சூழல் மாறிகள் அந்த நிரலை எட்டுவதில்லை. முப்பது நொடி காத்திருக்கச் செய்யும் 'ஸ்லீப்' கட்டளையைச் சேர்த்து இதைச் சமாளிப்பவர்களும் உண்டு. காத்திருப்பதால் நேரம் கழியுமே தவிர, இல்லாத மாறி வந்து சேராது. ஆகவே நிரலைத் தொடங்க வேண்டிய கட்டம் பூட் அன்று. பயனர் உள்நுழைந்தபின் உருவாகும் வரைகலை அமர்வு.

க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்று டெஸ்க்டாப் சூழல்களும் இதற்கு ஒரே பொது நெறியைப் பின்பற்றுகின்றன. உங்கள் ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் மறைந்த 'கான்ஃபிக்' அடைவுக்குள் 'ஆட்டோஸ்டார்ட்' என்ற அடைவை உருவாக்கி, அதில் 'டெஸ்க்டாப்' என்ற பின்னொட்டுடன் ஓர் உரைக்கோப்பை வைக்க வேண்டும். அடைவுப் பெயர்கள் முழுவதும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். கோப்பின் முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'டெஸ்க்டாப் என்ட்ரி' என்ற தலைப்பும், அடுத்து 'டைப்' என்பதற்கு 'அப்ளிகேஷன்', 'நேம்' என்பதற்கு நிரலின் பெயர், 'எக்ஸெக்' என்பதற்கு இயக்க வேண்டிய கட்டளை என மூன்று வரிகளும் இருந்தால் போதும். எல்லாப் பயனர்களுக்குமான கோப்புகள் 'ஈடிசி' அடைவிலுள்ள 'எக்ஸ்டிஜி'யின் கீழ் இருக்கும் 'ஆட்டோஸ்டார்ட்' அடைவில் உள்ளன. அவற்றில் ஒன்றை உங்களுக்கு மட்டும் நிறுத்த, அதே பெயரில் ஒரு கோப்பை உங்கள் அடைவில் வைத்து, அதில் 'ஹிட்டன்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும். மூலக்கோப்பை அழிக்கத் தேவையில்லை.

பெரும்பாலோர் இடறி விழுவது 'எக்ஸெக்' வரியில்தான். முனையத்தில் கட்டளைகளைப் பொருள்கொள்ளும் ஷெல் அதைப் படிப்பதில்லை. ஆகையால் ஹோம் அடைவைக் குறிக்கும் அலைக்குறியோ, டாலர் குறியிட்ட மாறிகளோ, வெளியீட்டைத் திருப்பும் குறிகளோ அங்கு வேலை செய்யா. முழுப் பாதையை எழுதுங்கள். இவையெல்லாம் தேவையென்றால் ஒரு சிறிய ஸ்கிரிப்டில் வைத்து, இயக்கும் அனுமதி கொடுத்து, அதன் பாதையை இவ்வரியில் குறிப்பிடுங்கள்.

முழு டெஸ்க்டாப் சூழலாக இல்லாமல் சாளரங்களை மட்டும் கையாளும் ஐ3 போன்ற சாளர மேலாளர்கள் இக்கோப்புகளைத் தாமாகப் படிப்பதில்லை. அங்கு அமைவுக் கோப்பிலேயே 'எக்ஸெக்' வரியைச் சேர்க்க வேண்டும்.

நிரல் இடையில் விழுந்தால் மீண்டும் எழ வேண்டும் என்றால், சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின் பயனர் சேவையே ஏற்றது. 'கான்ஃபிக்' அடைவிலுள்ள 'சிஸ்டம்டி', அதனுள் 'யூசர்' என்ற அடைவில் சேவைக்கோப்பை எழுதி, 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆன் ஃபெய்லியர்' என்று கொடுத்து, 'வான்டட்பை', 'பார்ட்ஆஃப்', 'ஆஃப்டர்' ஆகிய மூன்றிலும், வரைகலை அமர்வைக் குறிக்கும் 'கிராஃபிக்கல் செஷன் டார்கெட்'டைக் குறிப்பிட வேண்டும். பிறகு 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையை 'யூசர்' விருப்பத்துடன் 'எனேபிள்' செய்ய வேண்டும். க்னோமும் பிளாஸ்மாவும் அந்த டார்கெட்டைத் தாமே எழுப்புகின்றன; ஐ3 எழுப்புவதில்லை என்பதால் அங்கு இச்சேவை அமைதியாகக் கிடக்கும். பிழை எதுவென அறிய, அதே 'யூசர்' விருப்பத்துடன் 'ஜர்னல்சிடிஎல்' பதிவைப் பார்க்கலாம்.

விசைப்பலகையே இல்லாத அறிவிப்புத் திரைக்கு, உள்நுழைவும் தானாக நடந்தாக வேண்டும். உள்நுழைவைக் கையாளும் நிரலான லைட்டிஎம்மின் அமைவுக் கோப்பில் 'சீட்' பகுதியின் கீழ் 'ஆட்டோலாகின் யூசர்' வரியில் பயனர்பெயரைக் கொடுக்கலாம். அதே வேலையைச் செய்யும் ஜிடிஎம், எஸ்டிடிஎம் இரண்டிலும் இதற்கு ஈடான அமைப்பு உண்டு. இப்படி நுழையும்போது கடவுச்சொல் தட்டப்படாததால், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் க்னோம் கீரிங் பூட்டியே இருக்கும்; சேமித்த கடவுச்சொல்லை நாடும் நிரல் அதைத் திறக்கக் கேட்டு நிற்கும். அத்துடன், கணினியை இயக்கும் எவரும் நேரடியாக அக்கணக்கினுள் நுழைந்துவிடுவார்கள். எனவே இதற்கென்று, நிர்வாக அதிகாரம் தரும் சூடோ உரிமையற்ற தனிப் பயனரை உருவாக்குங்கள்.