தேவ சித்தம் கேக்குறேன்னு சொல்லிட்டு நாம பண்ற தப்புகள்

எனக்கு வளைகுடா வேலை ஒன்னு வந்தப்போ நான் பண்ண முதல் காரியம், கண்ண மூடிக்கிட்டு பைபிளை திறந்து விரலை வச்சதுதான். விரல் விழுந்தது 1 நாளாகமத்துல, இவன் அவனைப் பெற்றான் அவன் இவனைப் பெற்றான்னு ஒரே வம்ச வரலாறு. இது கணக்குல வராதுன்னு மூடிட்டு மறுபடி திறந்தேன், லேவியராகமம், குஷ்டரோக சட்டம். மூணாவது தடவை ஆதியாகமம் 12, உன் தேசத்தை விட்டுப் புறப்படுன்னு ஆபிராமுக்கு சொன்னது, அவ்ளோதான், ஸ்தோத்திரம்னு சொல்லி பாஸ்போர்ட்ட எடுத்துட்டு ஏஜென்ட்கிட்ட ஓடிட்டேன். அது எங்கம்மா பைபிள், அந்தப் பக்கம் அவங்க வாசிச்சு வாசிச்சு தானா திறக்குற பக்கம்ங்கறது பின்னாடிதான் உறைச்சுது. சாப்பாடு, ரூம் வாடகை ரெண்டுமே சம்பளத்துல பிடிப்பாங்கன்னு கான்ட்ராக்ட் ரெண்டாவது பக்கத்துல இருந்துச்சு, அதை நான் வாசிக்கவே இல்ல.

வருஷப் பிறப்பு ஆராதனைல எடுக்குற, பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டையும் இந்த கேஸ்தான், ஆறுதலுக்கு வச்சுக்கலாம், அதை வச்சு வீடு வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணாதீங்க.

இதைவிட பெரிய தப்பு முடிவு பண்ணிட்டு ஜெபம் பண்றது. எரேமியா 42 எடுத்துப் பாருங்க, பாபிலோன்காரங்க எருசலேமை அழிச்ச பிறகு, யோகனான்ங்கற படைத்தலைவனும் யூதாவுல மிச்சமிருந்த ஜனங்களும் வந்து, நன்மையோ தீமையோ கர்த்தர் என்ன சொன்னாலும் கேக்குறோம், விசாரிச்சு சொல்லுங்கன்னு எரேமியா தீர்க்கதரிசிகிட்ட கெஞ்சுறாங்க. பதில் வர 10 நாள் ஆச்சு. இந்த தேசத்துலயே இருங்க, எகிப்துக்குப் போகாதீங்கன்னு பதில் வந்ததும் நீ பொய் சொல்றன்னுட்டாங்க! முந்தின அதிகாரம் கடைசில பாத்தா, கேக்குறதுக்கு முன்னாடியே எகிப்துக்குப் போறதுக்காக பெத்லெகேம் பக்கத்துல வந்து தங்கியிருக்காங்க, மூட்டை கட்டியாச்சு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கு அதை வாசிச்சா என்னையே போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்.

அடுத்து, "கதவு தானா திறந்துச்சு பிரதர், மனசுல ஒரே சமாதானம்" டைப். நினிவேக்குப் போன்னு கர்த்தர் சொன்னதை மீறி ஓடுன யோனாவுக்கும் தர்ஷீசுக்குப் போற கப்பல் ரெடியாதான் இருந்துச்சு, கூலி குடுத்து ஏறி, அடிக்கிற புயல்ல அசந்து தூங்குனாரு, தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்ல. அப்புறம் யாராவது ஊழியர் வந்து கர்த்தர் உனக்கு இப்படி சொல்றார்னா உடனே தலையாட்டுறது. 1 இராஜாக்கள் 13ல ஒரு தேவ மனுஷன், வயசான தீர்க்கதரிசி ஒருத்தர் தேவதூதன் சொன்னான்னு விட்ட பொய்யை நம்பி, கர்த்தர் தனக்கு ஏற்கெனவே நேரா சொன்னதை மீறிட்டான், திரும்பி வர்ற வழியில சிங்கம் அடிச்சுது. இதைப் பத்தி பிரசங்கம் பண்ண யாருக்கும் ஆசையே இல்ல போல.

கிதியோன் ஆட்டுத் தோலைப் போட்டு, பனி அதுல மட்டும் விழணும்னு கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்ட மாதிரி, நாமளும் தோல் போடுற பழக்கம் நம்மாளுங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி. வெள்ளிக்கிழமைக்குள்ள மாப்பிள்ளை வீட்ல இருந்து போன் வந்தா சித்தம், வரலன்னா இல்லன்னு. போன் வர்றதுக்கும் அந்தப் பையன் எப்படிப்பட்டவன்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? கிதியோனுக்கு நீ போன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு, அவரு நம்பாமதான் தோலைப் போட்டாரு.

ஆதியாகமம் 24ல, எஜமான் மகன் ஈசாக்குக்குப் பொண்ணு பாக்கப் போன ஆபிரகாமோட வேலைக்காரன் கேட்ட அடையாளமே வேற. கூட வந்தது 10 ஒட்டகம், தூரப் பயணம் முடிஞ்ச ஒட்டகம், ஒவ்வொன்னும் குடம் குடமா குடிக்கும். ஒருத்தருக்கு தண்ணி கேட்டா ஒட்டகத்துக்கும் ஊத்துறேன்னு தானா சொல்ற பொண்ணுதான் அவனுக்கு வேணும், அந்த அடையாளத்துக்குள்ளயே குணம் இருக்கு. ரெபேக்காள் அப்படியே சொல்லி, ஓடி ஓடி மொண்டு ஊத்துறா, அவன் உடனே துள்ளிக் குதிக்கல, கர்த்தர் பிரயாணத்தை வாய்க்கப் பண்ணினாரோ இல்லையோன்னு அறியுறதுக்காக மவுனமா பாத்துட்டு நின்னான்னு 21ஆம் வசனத்துல இருக்கு. அடையாளம் வந்த பிறகும் பொறுமையா பாக்குறான், அப்புறம்தான் நீ யார் மகள்னு விசாரிக்கிறான்.

நம்ம வீடுகள்ல அதோட கதையை முடிச்சுருவோம், கர்த்தரால வந்த காரியம்னு சொல்லி மண்டபம் பாக்கப் போயிருவோம். ரெபேக்காளோட அண்ணன் லாபானும் இது கர்த்தரால் வந்ததுன்னுதான் சொன்னான், ஆனா மறுநாள் காலைல பொண்ணைக் கூப்பிட்டு இந்த மனுஷனோட போறியான்னு கேட்டாங்க, அவ போறேன்னு சொன்ன பிறகுதான் அனுப்புனாங்க.