226 கிலோமீட்டருக்குத் தயாராதல்: வேலைக்குச் செல்பவர்களுக்கான நெடுந்தொலைவு டிரையத்லான் வழிகாட்டி

முழுத் தொலைவு டிரையத்லானில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் மாரத்தானையும் அதே நாளில் ஓடி முடிக்க வேண்டும். அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் போட்டிகளில் இதற்குப் பொதுவாக 17 மணி நேரம் தரப்படுகிறது. நீச்சலை 2 மணி 20 நிமிடத்திற்குள்ளும், சைக்கிளைப் போட்டி தொடங்கியதிலிருந்து 10 மணி 30 நிமிடத்திற்குள்ளும் முடிக்காதவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்தப்படுவார்கள். இந்த வரம்புகள் போட்டிக்குப் போட்டி சற்று மாறும் என்பதால், பதிவு செய்யும்போதே வீரர் கையேட்டைப் படித்துவிட வேண்டும்.

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் இந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நீச்சல் வரம்பைக் கடக்க 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி போதும். நீச்சலுக்கும் உடை மாற்றத்திற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் போனாலும், சைக்கிளுக்கு எட்டரை மணி நேரம் மீதமிருக்கும். அதற்கு மணிக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகம் தேவை. மாரத்தானுக்கு எஞ்சும் ஆறரை மணி நேரத்தில் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 14 நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். விறுவிறுப்பாக நடப்பவருக்கே ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்தான் ஆகும் என்பதால், நடையோடு கொஞ்சம் ஓட்டத்தையும் கலந்தால் வரம்புக்குள் வந்துவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவுமே வேகமில்லை. முதல் ஐந்தாறு மணி நேரத்தில் ஆற்றலை விரயம் செய்துவிட்டு, மாரத்தானின் பாதியில் உடலில் எதுவுமில்லாமல் நிற்பதுதான் பலரை வீழ்த்துகிறது. எனவே பயிற்சி முழுவதும் அடக்கத்தையும் உணவையும் பழகுவதை நோக்கியே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

நேராக முழுத் தொலைவுக்குச் செல்லாமல், அதில் பாதியான 113 கிலோமீட்டர் போட்டியை முதலில் முடிப்பதே சரியான வரிசை. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட இந்தப் போட்டிக்கு வழக்கமான வரம்பு எட்டரை மணி நேரம். மைல் கணக்கில் இதை 70.3 என்பார்கள். கோவாவில் 2019 முதல் இந்தத் தொலைவுப் போட்டி நடக்கிறது. முழுத் தொலைவுக்கு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட மலேசியாவின் லங்காவி நல்ல தேர்வு. ஏற்கெனவே அரை மாரத்தானைச் சிரமமின்றி ஓடுபவர் பாதித் தொலைவுக்கு ஓராண்டும், அங்கிருந்து முழுத் தொலைவுக்கு மேலும் ஓராண்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும், ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ உணர்ந்தவர்களும் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

பாதித் தொலைவுக்கு வாரத்தில் எட்டு முதல் பத்து மணி நேரமும், முழுத் தொலைவின் உச்ச வாரங்களில் பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரமும் தேவைப்படும். போட்டி நேரத்தில் ஏறத்தாழப் பாதி சைக்கிளிலேயே கழிவதால், பயிற்சி நேரத்திலும் பாதியை அதற்குக் கொடுக்கலாம். அலுவலகம் செல்பவருக்கு வார நாள்களின் விடியற்காலை ஒரு மணி நேரமும், சனிக்கிழமை நீண்ட சைக்கிள் பயணமும், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டமும், ஒரு முழு ஓய்வு நாளும் என்ற அமைப்பே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பயிற்சி அளவை மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் குறைக்க வேண்டும். மொத்தப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் சாலையில் ஒருவர் முந்திச் சென்றவுடன் மறந்துவிடுவார்கள். வாரம் இருமுறை அரை மணி நேரம் இடுப்பு, தொடை, முதுகுத் தசைகளுக்கான வலிமைப் பயிற்சி செய்வது காயங்களைக் குறைக்கும். இத்தனை மணி நேரத்தையும் தூக்கத்திலிருந்து திருட முடியாது என்பதால், வீட்டாரோடு உட்கார்ந்து எந்தெந்த வார இறுதிகள் பயிற்சிக்கு, எவை குடும்பத்திற்கு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலோருக்கு நீச்சலே பலவீனம். கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தப் பழகியவர்கள்கூடத் தலையை நீருக்கு வெளியே வைத்தே நீந்துவதால், கால்கள் தாழ்ந்து, ஒவ்வொரு வீச்சிலும் நீரை எதிர்த்துப் போராடுகிறார்கள். வயது வந்த பிறகு ஃபிரீஸ்டைல் கற்பவர் தொலைவை எண்ணுவதை விட்டுவிட்டு, முதல் சில மாதங்களுக்கு ஒரு பயிற்சியாளரின் கண்பார்வையில் மூச்சையும் உடல் கிடையையும் சரிசெய்வதே லாபம். நீருக்குள் மூச்சைத் தொடர்ந்து வெளியே விடுதல், பார்வையைக் குளத்தின் தரையை நோக்கி வைத்தல், இரண்டு பக்கமும் திரும்பி மூச்செடுத்தல் ஆகிய மூன்றும் கைவந்தால், வலிமை கூடாமலே வேகம் கூடும். உதைப்பை மிதமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தக் கால்களுக்கு அன்று இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

குளத்தில் 3.8 கிலோமீட்டர் நீந்துபவரும் கடலில் முதல் 200 மீட்டரில் திணறக்கூடும். டிரையத்லான் போட்டிகளில் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நிகழ்ந்துள்ளன என்பதால், திறந்த நீரில் பழகுவதை விருப்பத்திற்கு விட முடியாது. சென்னைக் கடற்கரையில் கரையோர நீரோட்டம் வலுவானது. அங்கே தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. அனுபவமுள்ள குழுவோடு, அந்தக் கடலை அறிந்த மீனவர் ஒருவரின் படகு துணையாக வர, இடுப்பில் கட்டிய பளிச்சென்ற நிற மிதவையோடு நீந்த வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், ஆண்டின் இறுதியில் போட்டி இருப்பவர்கள் கடல் பயிற்சியைச் செப்டம்பருக்குள் முடித்துக்கொள்வது நல்லது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்களை மட்டும் உயர்த்தி, வழிகாட்டும் மிதவையைப் பார்த்து, அடுத்த அசைவில் பக்கவாட்டில் மூச்செடுக்கும் முறையைக் குளத்திலேயே பழகலாம். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு தொடரலாம். பாதுகாப்புப் படகைப் பிடித்து ஓய்வெடுப்பதும், அதைக்கொண்டு முன்னேறாத வரை, விதிகளுக்கு உட்பட்டதே. வெதுவெதுப்பான நம் கடல்களில், குளிரைத் தாங்க அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டை அணிய வாய்ப்பு அரிது, ஆகவே அதன் மிதப்பை நம்பித் திட்டமிட வேண்டாம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த டிரையத்லான் சைக்கிள் முதல் போட்டிக்குத் தேவையே இல்லை. உடல் அளவுக்குச் சரியாகப் பொருத்தப்பட்ட ஒரு சாதாரண ரோடு பைக், நல்ல ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, பஞ்சரைத் தானே சரிசெய்யும் பழக்கம் ஆகியவை போதும். இருக்கையின் உயரமும் கைப்பிடியின் தொலைவும் தவறாக இருந்தால், 60 கிலோமீட்டரில் தெரியாத வலி 140 கிலோமீட்டரில் போட்டியை முடித்துவைத்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் கிளம்பிச் செல்லும் குழுக்களோடு பழகுவது பாதுகாப்பானது. ஆனால் குழுவில் ஒருவர் பின்னால் ஒருவராக ஓட்டும்போது காற்றின் எதிர்ப்பு குறைவதால், அங்கே கிடைக்கும் வேகத்தைத் தன் வேகம் என்று நம்பிவிடக் கூடாது. போட்டியில் முன்செல்லும் சைக்கிளிலிருந்து 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க நேரிடும். எனவே மாதத்தில் இரண்டு நீண்ட பயணங்களையாவது தனியாகவோ, இடைவெளி விட்டோ ஓட்டிப் பழகுங்கள். உச்சக் கட்டத்தில் 150 கிலோமீட்டர் வரையிலான பயணம் சில முறை செய்தால் போதும்.

சைக்கிளில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்ற கேள்வியில்தான் பலரது மாரத்தான் தீர்மானமாகிறது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல், வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்பவர் அதை 33 ஆக்கினால் 180 கிலோமீட்டரில் 33 நிமிடம் மிச்சமாகும். ஆனால் காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் கொடுத்திருப்பார். அந்த 33 நிமிடமும், அதற்கு மேலும், ஓட்டத்தில் நடையாகத் திரும்பப் பறிபோகும். மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர், ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச ஆற்றலில் 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாதவர், முழு வாக்கியம் பேச முடிகிற நிலையை அளவாகக் கொள்ளலாம். முதல் 40 கிலோமீட்டர், இது மிக எளிதாக இருக்கிறதே என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக இருக்கட்டும்.

உணவு நான்காவது போட்டி என்றே சொல்லலாம். தசையிலும் கல்லீரலிலும் உள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சில மணி நேர உழைப்புக்கே போதும் என்பதால், மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் மட்டும் எனில் குடல் ஏறத்தாழ 60 கிராம்தான் உறிஞ்சும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் அதற்கு மேலும் ஏற்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது, போட்டியாளர்கள் உண்ணும் கூழ் போன்ற சர்க்கரை ஜெல் பொட்டலம் ஒன்றிலும் பெரும்பாலும் அதே அளவுதான். ஓ.ஆர்.எஸ். கரைசலை நம்பிச் செல்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உள்ளது, அது உப்பைத் தருமே தவிரப் பசியை ஆற்றாது. கடலை மிட்டாய் சுவையானது, கைக்கு அடக்கமானது, ஆனால் கொழுப்பும் புரதமும் அதிகம் என்பதால் பயணத்தின் முன்பகுதியில் மட்டும் பொருந்தும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், குடலுக்கும் பயிற்சி தேவை. வார இறுதி நீண்ட பயணங்களில் 30 கிராமில் தொடங்கி மெல்ல உயர்த்தி, போட்டியில் உண்ணப்போகும் அதே பொருளை அதே இடைவெளியில் உண்டு பழகுங்கள். கைவசம் இருப்பது தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் போட்டியே எடுத்துக்காட்டு. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் பதினைந்து பேர் தொடங்கினார்கள். ஓட்டத்தின்போது முன்னணியில் இருந்த ஜான் டன்பாரின் உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர் பீர் குடித்து ஓடியதாகப் பதிவு இருக்கிறது. கார்டன் ஹாலர் அவரை முந்தி வென்றார்.

நீர் எவ்வளவு குடிப்பது என்பதை அளந்தே அறிய வேண்டும். போட்டியின் வெப்பநிலையை ஒத்த நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடி, முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இழந்த முழுவதையும் ஈடுகட்ட முயல்வது ஆபத்து. வழியில் நீரும் உணவும் தரும் ஒவ்வொரு நிலையத்திலும் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து, விரல்கள் வீங்கி, தலைவலியும் குழப்பமும் ஏற்படலாம். அது உயிரையும் பறிக்கும். தாகத்தை மதித்து, உப்புள்ள பானத்தோடு, சிறிது சிறிதாகக் குடிப்பதே பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் பயிற்சி செய்பவர்கள் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்பதுண்டு. ஆனால் பயிற்சி நடப்பது விடியற்காலை ஐந்து மணிக்கு; போட்டியின் மாரத்தான் தொடங்குவதோ உச்சி வெயிலிலோ பிற்பகலிலோ. வெப்பத்திற்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் சில மெதுவான ஓட்டங்களைக் காலை ஒன்பது மணிக்கு மேல், தண்ணீரோடும் துணையோடும் ஓடினால், வியர்வை முன்னதாகத் தொடங்கும், இரத்தத்தின் நீர்மப் பகுதி கூடும். போட்டியில் தொப்பிக்குள் பனிக்கட்டி வைப்பது, தலையில் நீர் ஊற்றுவது எல்லாம் பயன் தரும். வெயிலில் உடல் சிலிர்ப்பதும், பேச்சு குழறுவதும் வெப்பத் தாக்கின் அறிகுறிகள். அப்போது ஓட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிக நீண்ட ஓட்டம் 28 முதல் 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை சைக்கிளிலிருந்து இறங்கியதும் இருபது நிமிடமாவது ஓடும் பிரிக் பயிற்சி, கனத்த கால்களின் உணர்வுக்குப் பழக்கும். ஒவ்வொரு உணவு நிலையத்திலும் திட்டமிட்டு ஒரு நிமிடம் நடப்பது, முடியாமல் போன பிறகு ஒரு மணி நேரம் நடப்பதைவிட விரைவானது.

கடைசி இரண்டு மூன்று வாரங்களில் அளவைப் பாதியாகக் குறைத்து, சிறிய வேகமான பகுதிகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அப்போது வரும் சோர்வையும் பதற்றத்தையும் பொருட்படுத்தி ஒரு கடைசி நீண்ட ஓட்டம் ஓடிவிடாதீர்கள். முந்தைய நாளே, ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமான டிரான்சிஷன் பகுதியில் நடந்து, நீரிலிருந்து வரும் வழியையும் உங்கள் சைக்கிள் இருக்கும் வரிசையையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பு, நார்ச்சத்துக் குறைந்த இட்லியோ வெள்ளைச் சோறோ உண்ணலாம்; சாம்பாரை மட்டும் அன்று ஒதுக்கிவையுங்கள். புதிய காலணி, புதிய உடை, போட்டிக் கண்காட்சியில் கிடைத்த புதிய ஜெல் எதையும் அன்று சோதிக்க வேண்டாம்.

ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைப் போட்டியின்போதோ அதற்கு முன்போ விழுங்குவது, நீரிழந்த சிறுநீரகங்களுக்குக் கேடு. முடித்த பிறகு உடனே படுத்துவிடாமல் மெல்ல நடந்து, உப்பும் சோறும் கலந்த எளிய உணவை உண்ணுங்கள். அடுத்த இரண்டு நாள்களில் சிறுநீர் கருந்தேநீரின் நிறத்தில் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து நீச்சலையும் மெதுவான சைக்கிளையும் தொடங்கலாம்; ஓட்டத்திற்கு மூன்று வாரம் வரை காத்திருங்கள், அடுத்த போட்டிக்கான பதிவையும் அதுவரை தள்ளிவையுங்கள்.