தொட்டிக்கரியில் ஒரு தண்ணீர் வடிகட்டி

எங்கள் வீட்டுக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். வந்த அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் வாடை, நாலு நாள் சேர்த்து வைத்தால் பாசி வாடை. காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்களுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு கரிக்குக் காசு கொடுப்பானேன் என்று நானே இறங்கிவிட்டேன். தேங்காய்த் தொட்டிக்கு (உங்கள் ஊரில் கொட்டாங்குச்சியோ சிரட்டையோ) இங்கே பஞ்சமே இல்லை.

நார் சுரண்டி, நன்றாகக் காய்ந்த தொட்டி 3 கிலோ எடுத்து உடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெயின்ட் இல்லாத, மூடி இறுக்கமான இரும்பு டின்னில் நிரப்பி, மூடியில் ஒரே ஒரு ஆணித் துளை போடுங்கள். டின்னைச் சுற்றி விறகு அடுக்கித் தீ மூட்டுங்கள். வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். அடைத்த இடத்தில் அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும். முதலில் துளை வழியாகக் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அது மெலிந்து, அடியோடு நிற்கிற வரை தீ எரியட்டும். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. பிறகு துளையைக் களிமண்ணால் அடைத்து, மறுநாள் காலை வரை தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றியும் அணைக்காதீர்கள். கரி சுடுகிற இடங்களில் அப்படி அணைக்கும் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணறு கெடுகிறது என்று எங்கள் பக்கம் வெகுகாலப் புகார்.

3 கிலோவுக்கு முக்கால் கிலோ சொச்சம் கரி தேறும். ஒடித்தால் கலீரென்று சத்தம் வர வேண்டும், உள்ளே பழுப்பு தெரியக் கூடாது. முதல் தடவை நான் அவசரப்பட்டுத் தீயை அணைத்துவிட்டேன். அரைவேக்காட்டுக் கரியில் தார் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் காபி போட்டுக் கொடுத்தேன். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏங் கண்ணு, பொகை வாசம் அடிக்குது?" என்றார். மொத்தத்தையும் கொட்டினேன்.

இது இன்னும் வெறும் கரிதான். ஆலையில் இதையே 900 டிகிரி சூட்டில் நீராவி பாய்ச்சி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது, கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்! அதில்தான் வாடையும் நிறமும் ஒட்டிக்கொள்கின்றன. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் வீட்டிலேயே இந்தத் துளைகள் திறக்கும் என்கிறார்கள். நானும் ஊறவைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை விட்டு, இரண்டு கரியிலும் வடித்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாடை போக வீட்டுக்கரி போதும். பூச்சிமருந்து கலந்திருக்குமோ என்ற பயம் இருந்தால், ஆலையில் அப்படித் துளை திறந்து கடைக்கு வரும் கரியையே (ஆக்டிவேட்டட் கார்பன் என்று கேளுங்கள்) வாங்கிவிடுங்கள்.

சரி, கரியை உரலில் இடியுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. கடுகிலிருந்து பாசிப்பயறு அளவு வரை இருப்பதை மட்டும் சலித்து எடுங்கள். கறுப்பு விடாமல் தெளிகிற வரை கழுவி, கால் மணி நேரம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் கேனில் முதலில் வெள்ளைத்துணி, மேலே கழுவிய சின்னக் கூழாங்கல், அதன்மேல் மணல். அப்புறம் ஒரு சாண் உயரத்துக்குக் கரி (ஒரு தடவை சுட்டது இதற்குப் பத்தாது, பல தடவை சுட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்), மறுபடி மணல். கேன் குறுகலாக இருந்தால் நல்லது. கரி உயரமாக நிற்கும். குழாயைச் சொட்டுச்சொட்டாகத் திறங்கள். வேகமாக ஓடினால் கரிக்கு வேலை செய்ய நேரமிருக்காது. முதல் இரண்டு குடம் செடிக்கு.

வடித்த தண்ணீரைக் கட்டாயம் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கரி கிருமியைக் கொல்லாது. குளோரினையும் அது எடுத்துவிடுவதால் கரிக்குள்ளேயே கிருமி வளரும். காலையில் முதல் ஒரு லிட்டரைக் கொட்டிவிடுவது அதனால்தான். உப்பும் குறையாது, பாத்திரத்தில் வெள்ளை படிவது படியத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உள்ளவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம், இந்தக் கரி அதைப் பிடிக்காது.

நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரியை மாற்றுகிறேன். அதற்குள் வாடை திரும்பினால் அன்றைக்கே. பழைய கரி கறிவேப்பிலை மரத்தடிக்குப் போகிறது.