கனடிய நீதிமன்றத்தில் கேட்டதை எழுதுவதற்கு முன்

கனடாவில் குற்றவியல் வழக்கொன்றைப் பார்க்க விரும்பும் எவரும் நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் அமரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றங்கள் திறந்திருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை, 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்திலுள்ள கருத்துச் சுதந்திரப் பிரிவும் காக்கிறது. வெளியீட்டுத் தடை, அதாவது வழக்கில் கேட்ட சிலவற்றை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, என்றதும் கதவே மூடப்பட்டதாகச் சிலர் எண்ணிக்கொள்வது பிழை. பொதுமக்களை வெளியேற்றும் ஆணை வேறு, அது அரிது. தடையுள்ள வழக்கிலும் உள்ளேயிருந்து கேட்கலாம். கேட்டதில் எதை வெளியே சொல்லலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. முகநூல் பதிவும் காணொளியும் நாளிதழைப் போலவே இதற்குள் அடங்கும்.

எனவே எழுத உட்காருமுன், வழக்கு இலக்கத்தைக் கொடுத்து, தடை உண்டா, எந்தப் பிரிவின் கீழ், எதுவரை என்று நீதிமன்ற எழுத்தரிடமோ பதிவகத்திலோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆணை எதுவும் இல்லை என்ற பதிலோடும் நின்றுவிட முடியாது, ஏனெனில் சில தடைகள் எவரும் கேளாமலே நடைமுறையில் இருக்கும். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் வேளையில் 12 முதல் 17 வயது வரை இருந்த, குற்றஞ்சாட்டப்பட்டவரின் அடையாளத்தைப் பொதுவாக வெளியிட முடியாது. ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) இல்லாத வேளையில் நடந்த வாதங்களை, ஜூரி தீர்ப்பை ஆராய ஒதுங்கும் வரை எழுதக் கூடாது. ஜூரியைத் தெரிவு செய்வதற்கு முந்தைய விசாரணைகளுக்கும் இது பொருந்தலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பிணை விசாரணையில், குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்டால் நீதிபதி தடை விதித்தே ஆகவேண்டும். அரச வழக்கறிஞர் கேட்டால் அது நீதிபதியின் விருப்புரிமை. அங்கே சொல்லப்பட்ட சான்றுகளையும் நீதிபதி கூறிய காரணங்களையும் அப்போது எழுத முடியாது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரையும், குற்றச்சாட்டையும், பிணை கிடைத்ததா என்பதையும், வேறு தடை இல்லையெனில், எழுதலாம்.

அதிகம் இடறுவது பாலியல் குற்ற வழக்குகளில்தான். குற்றவியல் சட்டக்கோவையின் 486.4ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்படும் தடை முறைப்பாட்டாளரின் பெயரை மட்டுமன்றி, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் தடுக்கிறது. பெயரை விட்டுவிட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய மாமன் என்றும், குடும்பம் இன்ன தெருவில் கடை நடத்துகிறது என்றும் எழுதினால், ஊரே அறிந்துகொள்ளும். தனித்தனியே தீங்கற்ற விவரங்கள் சேர்ந்து ஆளைக் காட்டிவிடும். வேறொருவர் ஏற்கெனவே எழுதிய செய்தியோடு சேர்ந்தும் காட்டலாம். உறவினர் மீதான வழக்கில் பெயரையோ உறவுமுறையையோ, இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டியிருக்கும். சில வேளைகளில் இரண்டையுமே. மீறுவது குற்றம்.

சட்டம் கட்டாயமாக்காத, நீதிபதியின் விருப்புரிமையில் கோரப்படும் தடைகளை எதிர்க்க இடமுண்டு. உச்ச நீதிமன்றம் தீர்த்த 1994இன் டாஜெனே வழக்கிலிருந்து வளர்ந்து 2021இன் ஷெர்மன் வழக்கில் திருத்தியமைக்கப்பட்ட அளவுகோலின்படி, முக்கியமான பொதுநலன் ஒன்றுக்குக் கடும் ஆபத்து இருப்பதையும், வேறு வழிகள் போதாமையையும், தடையின் நன்மை அதன் தீமையை விஞ்சுவதையும் கோருபவரே நிறுவ வேண்டும்.

தன் பெயரோடு பேச விரும்பும் முறைப்பாட்டாளர், தன்னைக் காக்க விதிக்கப்பட்ட தடையை நீக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்கலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எளிதாக்கியுள்ளது. ஆனால் அவர் வாய்மொழியாகத் தந்த சம்மதத்தை மட்டும் நம்பி நீங்கள் பெயரை வெளியிடாதீர்கள். நீக்கும் ஆணை பிறந்ததைப் பதிவகத்தில் உறுதிசெய்த பின்னரே வெளியிடுங்கள்.